சரிவில் கொட்டிய சாம்பல்

குமே வாசலில் வந்து நின்றால் "சாம்பல் இருக்கா" என்று கேட்க மாட்டாள். "அடுப்பு ஆறிடுச்சா" என்றுதான் கேட்பாள். தோளில் மூங்கில் காவடி, இரண்டு பக்கமும் மரவாளி, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. எங்கள் சரிவில் இருக்கும் வீடுகளில் குளியல் தொட்டிக்கு அடியில் எரிகிற விறகின் சாம்பல் எல்லாம் அவளுக்குத்தான். அள்ளும்போதே விரலால் நெருடிப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"ஏன் ஹருயே, நேத்து ஆரஞ்சுத் தோலையெல்லாம் அடுப்புல போட்டியா?"

"புள்ளைங்க போட்டிருக்கும்" என்றேன் நான்.

"புள்ளைங்க மேல போடு. உன் வீட்டுக்காரர் தின்னதுக்குப் புள்ளைங்க என்ன செய்யும்?"

அப்படி ஒரு வாய் அவளுக்கு. அந்த வாய் அடங்கிப் போன கதையைத்தான் எழுதுகிறேன்.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து எங்கள் பானைச் சூளை ஊரான ஷிகராகிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் குமே. அவள் கணவர் சூளைக்குள் பானை அடுக்குகிறவர். நெஞ்சு நோயில் போய்விட்டார். பிள்ளை இல்லை. சூளைக்காரர் கிஹெய், "ஊருக்குத் திரும்பிப் போக வேணாம், எனக்குச் சாம்பல் கழுவிக் கொடு" என்று சொல்லி வைத்துக்கொண்டார். அன்று முதல் அவள் வீட்டுக் கொட்டகையில் சாம்பல் தொட்டிகள்தான்.

சாம்பலைச் சலித்துத் தண்ணீரில் கொட்டுவாள். மிதக்கும் கரியை வழித்து எடுப்பாள். மேலே நிற்கும் காரத்தண்ணீரை இறுத்துவிட்டுப் புதுத்தண்ணீர் விடுவாள். தண்ணீர் விரலில் வழுக்காமல் போகும் வரைக்கும் வாரக்கணக்கில் இதே வேலை. கடைசியில் மாவு போல அடியில் தங்குவதைக் கிஹெய் கல்மாவோடு கரைத்துப் பானை மேல் ஊற்றுவார். சூளைத் தீயில் அது கண்ணாடியாக உருகிப் பச்சையாக வழிந்து நிற்கும். அதைத்தான் மெருகு என்போம். இறுத்த காரத்தண்ணீருக்கு நாங்கள் பெண்கள் வரிசையில் நிற்போம். துணி வெளுக்கும், மலைக்கீரையின் கசப்பையும் எடுக்கும். அந்தத் தண்ணீரால் குமேயின் கைகள் மட்டும் வருஷம் முழுக்க வெடித்தே கிடக்கும்.

சரிவில் அவளுக்கு இரண்டு வீடு மேலே தோகியே அக்கா. எங்களைவிட மூத்தவர், விதவை. அவருக்குச் சயோ என்று ஒரே மகள். பெண் பிறந்தால் வீட்டோரம் ஒரு கிரி மரம் நட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது சீக்கிரம் வளரும். கல்யாணத்தின்போது வெட்டித் துணிப்பெட்டி செய்து பெண்ணோடு அனுப்புவார்கள். சயோவுக்கும் நட்டார்கள். மரம் கூரைக்கு மேல் போயிற்று. சயோ ஒரு தை மாதக் குளிரில் காய்ச்சல் கண்டு, பெட்டிக்கு அளவெடுக்கும் முன்பே போய்விட்டாள்.

மரத்தைத் தோகியே அக்கா வெட்டவில்லை. கேட்டு வந்த தச்சனைக் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினார். ஒவ்வொரு வசந்தத்திலும் அது ஊதாப் பூவைக் கொட்டும். அவர் பெருக்காமல் விட்டுவைப்பார்.

பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் வந்த பெருங்காற்று மரத்தைச் சாய்த்துவிட்டது. உள்ளே வெறும் பொந்து. ஒரு பலகைகூடத் தேறவில்லை. விழுந்த மரத்தின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிஹெய்தான் யோசனை சொன்னார்.

"இதை எரிச்சுச் சாம்பலாக்குவோம் அக்கா. அந்தச் சாம்பலையே மெருகாப் போட்டு ஒரு பூச்சாடி செஞ்சு தர்றேன். சயோவுக்கு அதுல பூ வைங்க."

தோகியே அக்கா அன்றுதான் எழுந்து சாப்பிட்டார்.

கிரி மரம் பஞ்சு போன்றது. அத்தனை பெரிய மரத்தை எரித்தும் ஒரு வாளிகூட நிறையவில்லை. அந்த வாளியைத் தோகியே அக்கா தன் கையாலேயே தூக்கி வந்து குமேயிடம் கொடுத்தார்.

"வேற எதோடயும் கலந்துடாதே குமே."

"கலப்பேனா அக்கா? என் கண்ணு மாதிரி வச்சுக்கறேன்."

இதை எல்லாம் நான் பார்த்தேன். இனிச் சொல்வதில் பாதி நான் பார்த்தது, பாதி குமே பின்னால் அழுதுகொண்டே சொன்னது.

பனி உறைந்த காலைகளில் எங்கள் சரிவில் சாம்பல் தூவுவோம். இல்லாவிட்டால் யாரும் நிற்க முடியாது, அவ்வளவு வழுக்கும். முதலில் எழுகிறவர் தன் வாசலோடு நிறுத்தாமல் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துத் தூவ வேண்டும். முதலில் எழுவது எப்போதும் குமேதான். சலித்தபின் தங்கும் கப்பிச் சாம்பலை அதற்கென்றே ஒரு வாளியில் கதவோரம் வைத்திருப்பாள். தோகியே அக்காவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் விடியற்காலைப் பிரார்த்தனைக்குக் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். அதனால் அவர் வாசலிலிருந்து கோயில் திருப்பம் வரைக்கும் குமே தாராளமாகத் தூவுவாள்.

தோகியே அக்கா கொடுத்த வாளியைத் தண்ணீரில் போடலாம் என்று ஒரு நாள் மாலை வீட்டிலிருந்து கொட்டகைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். தொட்டித் தண்ணீர் கட்டியாக உறைந்து கிடந்தது. காலையில் வெந்நீர் விட்டு உருக்கிக்கொள்ளலாம் என்று வாளியைத் திரும்பக் கொண்டுவந்து கதவோரமே வைத்துவிட்டாள். விடிவதற்கு முன் எழுந்தாள். இருட்டில் கைக்கு வந்த வாளியைத் தூக்கினாள். தோகியே அக்கா வாசலிலிருந்து திருப்பம் வரைக்கும் கை வீசித் தூவிவிட்டு வந்து படுத்தாள்.

வெளிச்சம் வந்தபோது கதவோரம் கப்பிச் சாம்பல் வாளி நிறைந்தபடி இருந்தது.

வழக்கம்போலக் கோயில் வாசல் பெருக்கிவிட்டு வந்த நான் அன்று அவளைப் பார்த்தேன். சரிவில் மண்டியிட்டுத் தட்டையான ஓர் இரும்புத் தகட்டால் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் களிமண் வண்டிகள் இரண்டு போயிருந்தன. சூளை ஆட்களும் மிதித்துப் போயிருந்தார்கள். வெயில் பட்டு எல்லாம் கருஞ்சேறாகக் கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எதைத் தொலைச்சே?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

ஊசியோ காசோ விழுந்திருக்கும் என்று நினைத்து நான் போய்விட்டேன்.

அப்போதே தோகியே அக்காவிடம் போய்ச் சொல்லத்தான் எழுந்தாளாம். ஆனால் அவரே கோயிலிலிருந்து திரும்பி, ஒரு கிண்ணத்தில் உப்பு முள்ளங்கியோடு அவள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"இந்தா. இன்னிக்கு இந்தக் காலை வச்சுக்கிட்டு ஒரு இடத்துல வழுக்கல. நீதான்னு தெரியும், வேற யாருக்கு இந்த நெனப்பு வரும்? ஆமா, நம்ம சாம்பலைத் தண்ணியில போட்டுட்டியா?"

"போட்டாச்சுக்கா."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு கதவு சாத்திக்கொண்டது.

பிறகு கழுவி வைத்திருந்த ஊர்ச் சாம்பலில் ஒரு பங்கை எடுத்துக் கிஹெய்யிடம் கொடுத்தாள். அவர் சாடியை வனைந்து மெருகு ஊற்றி வசந்தத்துச் சூளையில் வைத்தார். சூளை பிரித்த அன்று நானும் சோற்று உருண்டைக் கூடையோடு அங்கே நின்றேன். சாடி வெளியே வந்தது. ஒரு முழம் இருக்கும், தோள் அகன்று கழுத்து குறுகியது. தோளில் மெருகு இளம்பச்சையாகத் தேங்கி, மூன்று இடத்தில் வழிந்து, சொட்டாமல் துளியாக நின்றிருந்தது. சூட்டுத் தழும்பு போல ஒரு பக்கம் செம்மண் நிறம்.

"கிரி மரத்துல இப்படி ஒரு பச்சை வருமா?" என்றார் கிஹெய். "எனக்கே புதுசா இருக்கு."

குமே கையிலிருந்த தேநீர்க் கெண்டி நழுவி விழுந்தது. சூடு பட்டதாகச் சொல்லிக் கையை ஊதிக்கொண்டாள்.

தோகியே அக்கா சாடியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். "அவ மரம் பூக் கொட்டினதும் துளிர் விடுமே, அந்தப் பச்சை" என்றார். வீட்டில் புத்தர் மாடத்தின் முன்னே அதை வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மெருகின் துளியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அந்தச் சாடி நன்றாக வராமல் போயிருந்தால் குமே கொஞ்சம் பிழைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும். கோணிப் போயிருந்தால், வெடித்திருந்தால், எதையாவது சொல்லி எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அது அத்தனை அழகாக வந்துவிட்டது.

அதன்பின் குமே தோகியே அக்காவுக்குச் செய்யாத வேலை இல்லை. துணி வெளுத்துக் கொடுத்தாள். விறகு பிளந்தாள். மலைக்குப் போனால் பூ கொண்டு வந்தாள். ஆனால் வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள், உள்ளே போக மாட்டாள்.

"உள்ள வந்து சயோவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயேன்" என்பார் தோகியே அக்கா.

"கை எல்லாம் சாம்பல்க்கா."

"சாம்பலைக் கண்டா அவ என்ன சொல்லப் போறா? நீ எனக்கு இன்னொரு பொண்ணு மாதிரி ஆயிட்டே."

இப்படி ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவள் முகம் சுருங்கும். எங்களுக்கு அது வெட்கமாகத் தெரிந்தது.

கோயிலில் மாதம் ஒரு நாள் நாங்கள் பெண்கள் கூடி அமிதா புத்தரின் பெயரைச் சொல்வோம். குமே வருவதை நிறுத்தினாள். உடம்பு சரியில்லை என்றாள், சூளை வேலை என்றாள். ஒரு நாள் நான் அவள் கொட்டகைக்கே போய்விட்டேன்.

"என்னடி ஆச்சு உனக்கு? வீட்டுக்கு வந்தா வாயாடறதும் இல்ல. ஆரஞ்சுத் தோல் போட்டாலும் பேசாம அள்ளிட்டுப் போறே."

அப்போதுதான் சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"புத்தர் பேரைச் சொல்ல வாயைத் திறந்தா 'போட்டாச்சுக்கா'ன்னுதான் வருது ஹருயே. அதே வாய்தானே."

"அவர் யாரையும் தள்ள மாட்டார்டி. தப்பு பண்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் அவர் இருக்கார்."

"அவர் தள்ள மாட்டார். தோகியேக்கா?"

சொல்லிவிடு என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மாள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்தச் சாடியைத்தான். அதை எப்படிப் பிடுங்குவது?

சயோவின் பதின்மூன்றாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பனிக் காலத்தில், நாக்கை அரிக்கும் கிழங்கை வேகவைக்கக் காரத்தண்ணீர் வாங்க நான் கொட்டகையில் நின்றேன். தோகியே அக்கா தடியூன்றி வந்தார்.

"குமே, அந்தச் சாம்பல்ல நீ கொஞ்சமாவது மீதி வச்சிருப்பியே. உன்னைத் தெரியாதா எனக்கு? சின்னதா ஒரு சோத்துக் கிண்ணம் போதும். நினைவு நாளுக்குச் சயோ முன்னாடி சோறு வைக்கணும். கிஹெய் செஞ்சு தர்றேன்னுட்டாரு."

குமே தொட்டிக்குள் கையை விட்டபடி நின்றாள்.

"பாக்கறேன்க்கா."

அவர் போனபின் நான், "மீதி இல்லைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. அது உண்மையும்கூடத்தானே" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். "இன்னொரு பொய்க்கு வாய் வரல ஹருயே. நீயும் கூட வா. நான் வழியில திரும்பிட்டா என்னைப் பிடிச்சு இழு."

அவள் திரும்பவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டுக்குள் போனாள். மாடத்தின் முன் சாடியில் மஞ்சள் சாமந்தி இருந்தது. தோகியே அக்கா தேநீர் ஊற்றினார். சிவப்புப் பயறு அடைத்த அரிசி உருண்டையைத் தட்டில் வைத்தார். குமே தலையைத் தரையில் வைத்துவிட்டாள்.

"என்ன இது? எழுந்திரு. கிண்ணம் வராதுன்னா விடு, அதுக்காகவா?"

"அக்கா, அன்னிக்குத் தொட்டித் தண்ணி உறைஞ்சு போச்சு."

அங்கே தொடங்கினாள். தண்ணீர் உறைந்தது, வாளியைக் கதவோரம் வைத்தது, இருட்டு, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொன்னாள். தோகியே அக்கா கெண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"அப்போ இதுல இருக்கறது?"

"ஊர்ச் சாம்பல்க்கா. எல்லா வீட்டு அடுப்புதும்."

"கீழ இருக்கற டோஃபு கடைக்காரன் அடுப்புமா?"

"அதுவும்தான்."

"அவன் அடுப்பையா நான் தினம் காலைல கும்பிட்டுட்டு இருக்கேன்?"

சிரிப்பது போலத்தான் இருந்தது. அது சிரிப்பு இல்லை. கெண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எங்க கொட்டினே?"

"உங்க வாசல்லேர்ந்து கோயில் திருப்பம் வரைக்கும்."

"நான் அன்னிக்கு அது வழியாத்தானே போனேன்."

குமே தலை நிமிர்ந்தாள். இத்தனை நாள் சாம்பல் தொலைந்ததையும் பொய்யையும் நினைத்துத்தான் அழுதிருக்கிறாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

"என் புள்ள மரத்தை நான் மிதிச்சுட்டுப் போயிருக்கேன்" என்றார் தோகியே அக்கா. "செருப்பை வாசல்ல உதறிட்டு வேற வந்தேன்."

எழுந்து சாமந்தியை எடுத்துத் தட்டில் வைத்தார். சாடித் தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டினார். ஈரத்தோடு சாடியைக் குமேயின் மடியில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ."

குமே அதை இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் பொதிந்து, குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் வீட்டில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாடத்தில் வைக்க மனம் வரவில்லை. அடுப்படியில் வைத்தால் புகை படும் என்றாள். கடைசியில் மெத்தை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கு ஏறிவிட்டது. சோறு இறங்கவில்லை. நான் தினமும் கோயில் விளக்கைத் துடைக்கும்போது இரண்டு பேருக்காகவும் வேண்டிக்கொண்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

தோகியே அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகும் வழியையே மாற்றிக்கொண்டார். சரிவு வேண்டாம் என்று வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு போனார், அந்த முழங்காலோடு. குமே தன் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தபடி நிற்பாள்.

நினைவு நாள் வந்தது. முந்தின இரவு மழை தூறி அப்படியே உறைந்துவிட்டது. காலையில் சரிவு கண்ணாடி போலக் கிடந்தது. சமையலுக்கு ஒத்தாசை செய்யத் தோகியே அக்கா வீட்டுக்குக் கிளம்பிய நான் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். எல்லார் வாசலிலும் சாம்பல் விழுந்திருந்தது. தோகியே அக்கா வாசலிலிருந்து திருப்பம் வரைக்கும் மட்டும் வெறும் பனி. குமே தன் வாசலில் கப்பிச் சாம்பல் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எப்போது எழுந்தாளோ, உதடு நீலமாக இருந்தது.

"ஏன் நிக்கறே?"

"அங்க நான் எப்படிப் போடுவேன் ஹருயே? எந்தக் கையால?"

மேலே கதவு திறந்தது. தோகியே அக்கா கருப்புக் கிமோனோவில் வெளியே வந்தார். இரண்டு அடி வைத்தார், வழுக்கியது, வேலியைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே கத்தினார்.

"ஏ குமே, அங்க என்ன சிலை மாதிரி? கோயில் குரு வர்ற நேரமாச்சு. அந்தக் கிழவர் விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா யார் பூஜை பண்றது, நீயா?"

குமே அசையவில்லை.

"சாம்பலைப் போடுடி."

போட்டாள். குனிந்து கைப்பிடி கைப்பிடியாக, விதை தெளிப்பது போலப் போட்டுக்கொண்டே மேலே ஏறினாள். தோகியே அக்கா வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பூ வாங்கி வச்சிருக்கேன். வைக்க ஒண்ணும் இல்ல. போய் அதை எடுத்துட்டு வா."

"அக்கா, அது..."

"என்னன்னு எனக்குத் தெரியும். எடுத்துட்டு வா."

குரு விழாமல் வந்தார். பூஜை நடந்தது. ஒசாகாவிலிருந்து வந்திருந்த தோகியே அக்காவின் தம்பி மனைவி, சாடியைப் பார்த்து, "இதுதானே சயோ மரத்துச் சாம்பல்ல செஞ்சது? என்ன ஒரு பச்சை" என்றாள். நான் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றுவிட்டேன். குமே கதவோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல" என்றார் தோகியே அக்கா. "இது நம்ம சரிவு வீட்டுக்காரங்க எல்லார் அடுப்புச் சாம்பலும். குமே கழுவினது. சயோ மரத்துது வேற இடத்துல இருக்கு."

"எங்க இருக்கு?"

"வெளியில. நீ வரும்போது அது மேலதான் நடந்து வந்தே."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. சோற்றை வாயில் போட்டுக்கொண்டாள். குமேயின் தோள் குலுங்குவதை நான் மட்டும் பார்த்தேன். தோகியே அக்காவும் பார்த்திருப்பார். அவர் அவளைத் தேற்றவில்லை. சூப் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதற்குப் பிறகு குமே மாதக் கூட்டத்துக்கு வரத் தொடங்கினாள். பின்வரிசையில் உட்காருவாள், சத்தமில்லாமல் உதடு மட்டும் அசையும். முன்னைப் போல வாயாடுவதில்லை, எப்போதாவதுதான். தோகியே அக்காவும் அவளை மறுபடி "இன்னொரு பொண்ணு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் வரப்பைச் சுற்றிப் போவதை விட்டுவிட்டார்.

இன்று காலையும் இருவரும் பிரார்த்தனைக்கு வந்தார்கள். நான் கோயில் வாசலில் விளக்குமாற்றோடு நின்று பார்த்தேன். குமே கால்வாய் ஓரமாக, சுவரை ஒட்டி, ஒரு கால் வைக்க மட்டும் இடம் இருக்கும் விளிம்பில் நடந்து வந்தாள். அந்தச் சரிவின் நடுவில் அவள் கால் வைப்பதே இல்லை. தோகியே அக்கா நடுவில் வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"வெறுங்காலோடயா அக்கா, இந்தக் குளிர்லயா?" என்றேன்.

"முழங்காலுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.